பதினேழு படங்களில் நடுவில் நிற்பவர்

செப்டம்பர் 14

இந்த நோட்டு இன்று முதல் இரண்டு வேலை பார்க்கும். முன்னாலிருந்து என் நாட்குறிப்பு. பின்னாலிருந்து நியூசிலாந்துப் படிவத்துக்கான விவரங்கள். இரண்டும் நடுவில் சந்திப்பதற்குள் மருமகளும் பேத்தியும் விமானம் ஏறிவிட வேண்டும் என்பது திட்டம்.

மகன் நந்தகோபால் ஹாமில்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பால்பவுடர் ஆலையில் இயந்திரங்களைப் பராமரிக்கிறான். போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. நடுவில் ஒரே ஒரு முறை இருபது நாள் வந்துபோனான். மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ளும் தகுதி இப்போதுதான் வந்திருக்கிறது. ஏஜென்ட் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்றான். முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் வீட்டில் ஒரு படிவம் நிரப்ப வெளியாளா என்று கேட்டேன். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், தேர்தல் வேலை என்று நான் நிரப்பிக் கொடுத்த எதுவும் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை. "உதாரணமாக, ஒரு தேர்தலில்" என்று ஆரம்பித்தேன்.

"சரிங்கப்பா, நீங்களே பண்ணுங்க" என்று போனை வைத்துவிட்டான்.

கடிதப் போக்குவரத்துக்கு என் மின்னஞ்சலையே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 15

முட்டி வலி. தைலம் தீர்ந்துவிட்டது.

செப்டம்பர் 19

"கடந்த பத்து ஆண்டுகளில் வசித்த எல்லா முகவரிகளும், இடைவெளி இல்லாமல்" என்கிறது படிவம். இந்த ஒரு வரிக்காகவே எனக்கு அந்த நாட்டைப் பிடித்துவிட்டது.

மருமகள் மேகலாவை உட்காரவைத்து வரிசையாகக் கேட்டு எழுதினேன். ஜூன் 8 கல்யாணம். ஜூலை 16 வரை இரண்டு பேரும் உடுமலையில், இந்த வீட்டில். ஜூலை 17 ஆடி முதல் தேதி. மேகலா காங்கேயத்தில் தாய்வீட்டுக்குப் போனாள். மறுநாள் நந்து ஓசூரில் புது வேலைக்குச் சேர்ந்தான். ஆடியில் சேரக் கூடாது என்று என் மனைவி ருக்மணி சொல்லிப் பார்த்தாள். கம்பெனிக்கு ஆடி தெரியவில்லை. ஆகஸ்ட் 18 மேகலா திரும்ப உடுமலை. ஓசூரில் நந்துவுக்கு நான்கு பேர் தங்கும் அறை. அதனால் அவள் எங்களோடு இருந்தாள். அவன் சனிக்கிழமை வந்து ஞாயிறு போனான். பிப்ரவரியில் வளைகாப்பு முடிந்து காங்கேயம். ஏப்ரல் 27 மினு பிறந்தாள். செப்டம்பரில் திரும்ப உடுமலை. அக்டோபரில் நந்து விமானம் ஏறினான்.

"ஆடி மாசமும் எழுதோணுங்களா மாமா? ஒரு மாசந்தானுங்களே" என்றாள் மேகலா.

ஒரு மாதத்தை விட்டால் அதற்குப் பெயர்தான் இடைவெளி. உதாரணமாக, பஸ்ஸில் கண்டக்டர் எல்லோருக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டு ஒருவரை மட்டும் விட்டால், செக்கிங் வரும்போது அவரைத்தான் பிடிப்பார்கள். அவள் தலையை ஆட்டினாள். முகம் ஏனோ சிவந்திருந்தது. அடுப்படியிலிருந்து வந்தவள், வெக்கை.

கல்யாணமான முதல் ஆடியில் பெண்ணும் மாப்பிள்ளையும் பிரிந்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடியில் கரு உண்டானால் சித்திரை வெயிலில் பிரசவம் ஆகும். இதில் மூடநம்பிக்கை இல்லை, வெறும் கூட்டல் கணக்கு என்று சம்பந்தி வீட்டில் அன்றைக்கு முக்கால் மணி நேரம் விளக்கினேன். யாரும் மறுத்துப் பேசவில்லை.

மினு மட்டும் சித்திரையில் பிறந்தாளே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அவள் வைகாசி பிறந்த பிறகு வரவேண்டியவள், பதினெட்டு நாள் முந்திக்கொண்டாள். எங்கேயும் நேரத்துக்கு முன்னால் போய் நிற்கும் குணம் என்னிடமிருந்து போயிருக்கிறது. முந்திப் பிறந்தும் மூன்றேகால் கிலோ. டாக்டரம்மா "நெற மாசக் கொழந்தைங்க" என்றார். சின்னப் பெண், கணக்கில் கொஞ்சம் பலவீனமாக இருக்கலாம். இதை நான் சொல்லும்போதெல்லாம் ருக்மணிக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

செப்டம்பர் 27

தம்பதியின் புகைப்படங்கள் இருபது கேட்கிறார்கள். மேகலா தன் போனை நீட்டி, "இதுல நெறைய இருக்குதுங்க மாமா, நானே எடுத்து வெக்கறனுங்களே" என்றாள். மேலாக இரண்டு படம் பார்த்தேன். ஒன்றில் இருவரும் ஒரே ஐஸ்கிரீமைத் தின்கிறார்கள். இன்னொன்றில் நந்து நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறான். ஓர் அரசாங்கத்துக்கு அனுப்புகிற படமா அது? போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கல்யாண ஆல்பத்தை எடுத்தேன்.

தாலி கட்டியது, பழனி மலை, புது மோட்டார் சைக்கிளுக்குப் பூஜை போட்டது, மினுவுக்குக் காது குத்தியது, நந்து விடுமுறையில் வந்தபோது திருமூர்த்தி அணையில் எடுத்தது. எல்லாமே தெளிவான படங்கள். எல்லோரும் நேராக நின்று கேமராவைப் பார்க்கிறார்கள். இருபது பொறுக்கி, ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி, இடம், நிற்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதினேன்.

அக்டோபர் 3

கணவன் மனைவிக்கு இடையிலான செய்திகளும் வேண்டுமாம். மேகலா மூன்று வருடச் செய்திகளில் சிலவற்றை அச்செடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "மாமா, படிக்காம அப்படியே உள்ள வெச்சுருங்க" என்றாள். படிக்காமல் எப்படி வைப்பது? விடைத்தாளைத் திருத்தாமல் கட்டுவதுபோல. முதல் தாளின் நாலாவது வரியோடு நிறுத்திக்கொண்டேன். பிறகு அவளிடம், வெளியார் படிக்கத் தகுந்தவையாக நான் சொல்லும் தலைப்புகளில் எடுத்துத் தரும்படி கேட்டேன். சிலிண்டர் பதிவு, கரண்ட் பில், குழந்தைக்குத் தடுப்பூசி, அம்மாவுக்குச் சர்க்கரை அளவு. பொறுப்பான குடும்பம் என்று படிப்பவருக்கு உடனே தெரியும்.

"நந்து சிலிண்டரக் கட்டிக்கிட்டான்னு நெனச்சுக்கப் போறாங்க" என்று ருக்மணி சொன்னாள். அவளுக்கு அலுவலக நடைமுறை தெரியாது.

அக்டோபர் 9

விண்ணப்பம் போய்விட்டது. நூற்று அறுபத்தெட்டு பக்கம். மேகலா கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து திரும்பும் வழியில் மினுவுக்கு ஸ்வெட்டர் வாங்கினாள். உடுமலையில் ஸ்வெட்டர் போட்ட ஒரே பிள்ளை இவள்தான். இது மூன்றாவது. முதலிரண்டும் போட்டுப் பார்த்ததோடு சரி, ஊருக்குப் போவதற்குள் சிறுத்துவிட்டன.

அக்டோபர் 12

மினுவுக்கு மூன்றரை வயது. முழுப்பெயர் மிருணாளினி. என்னை அப்பாரு என்பாள். எங்கள் பக்கத்தில் அப்பாவின் அப்பாவுக்கு அதுதான் முறை. தினமும் மதியம் பன்னிரண்டு மணிக்கு நந்து வீடியோவில் வருவான். அங்கே அப்போது சாயங்காலம். மினு மேகலாவின் போனைத்தான் அப்பா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நந்து பேசி முடித்த பிறகும் அது அப்பாதான். சார்ஜில் போட்டால், "அப்பா சாப்புடறாரு" என்கிறாள். அணைந்துபோனால், "அப்பா தூங்கீட்டாரு, சத்தம் போடாதீங்க." இன்று கேமராவின் மேல் இட்லி அப்பியிருந்தது. ஊட்டிவிட்டிருக்கிறாள்.

நந்துவிடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். "அப்படிங்களா" என்று மட்டும் சொன்னான்.

அக்டோபர் 26

தென்னை மட்டை விழுந்து மாடிக் குழாய் உடைந்தது. பிளம்பர் வந்து போனார்.

மதியம் நந்து என்னிடம் தனியாகப் பேசினான். இந்தத் தடவை கிடைக்காவிட்டால் மார்ச்சில் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவானாம். இனித் தனியாக ஒரு குளிர்காலம் தாங்காது என்றான். பதற்றப்படாதே, படிவம் நான் நிரப்பியது என்று தைரியம் சொன்னேன்.

அவன் வந்தால் மாடி அறை இருக்கிறது. வெள்ளையடித்தால் போதும். மினுவின் பள்ளிக்கூடமும் பக்கம். சும்மா எழுதிவைக்கிறேன்.

நவம்பர் 11

மின்னஞ்சல் வந்தது. காலை பத்தரை. நான் மட்டும்தான் வீட்டில் இருந்தேன்.

அதிகாரி மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். மூன்று ஐயங்கள். ஒன்று: கொடுத்த முகவரிகளின்படி, கல்யாணமானதிலிருந்து நந்து வெளிநாடு போகும்வரை கணவனும் மனைவியும் ஒரே முகவரியில் இருந்தது முப்பத்தொன்பது நாள், அதன்பின் மனைவி வீட்டைவிட்டு வெளியேறியதற்குக் காரணம் கூறப்படவில்லை. இரண்டு: செய்திகள் பெரும்பாலும் எரிவாயு மற்றும் மின்கட்டணம் பற்றியவை. மூன்று: இருபது படங்களில் பதினேழில் தம்பதிக்கு நடுவில் வயதான ஆண் ஒருவர் நிற்கிறார், அவர் யார், எதற்காக நிற்கிறார்?

இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் தராவிட்டால் இருக்கிற ஆதாரங்களை வைத்தே முடிவெடுப்பார்களாம். அந்த முடிவு என்னவாக இருக்கும் என்று கடிதத்தின் தொனியே சொல்கிறது. ஒருமுறை மறுத்துவிட்டால் அது பதிவில் நிற்கும். அடுத்த விண்ணப்பம் இதைவிடக் கடினம்.

ஆல்பத்தை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பதினேழு சரிதான். தாலி கட்டும் படத்தில்கூட நந்துவின் கைக்கும் மேகலாவின் கழுத்துக்கும் நடுவில், பின்னாலிருந்து என் தலை. முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். மினுவுக்கு இலேசாக மூக்கு ஒழுகியது. இந்த நேரத்தில் எதற்கு.

நவம்பர் 12

மழை. மாடி அறையைப் பெருக்கினேன். காரணம் ஒன்றுமில்லை, குப்பையாக இருந்தது.

நவம்பர் 13

வெள்ளையடிக்கிறவர் தற்செயலாகத் தெருவில் போனார். கூப்பிட்டு எத்தனை நாள் ஆகும் என்று விசாரித்தேன். ருக்மணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஒன்றும் கேட்காமல் இருப்பது எனக்குப் பிடிக்காது.

நவம்பர் 14

மேகலா கேட்டாள், "மெயில் ஏதாச்சும் வந்துச்சுங்களா மாமா?"

மழையில் நெட் சரியாக இல்லை என்றேன். நெட் ஓரளவு நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 15

பாலர் பள்ளியில் குடும்பப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். மினு வரைந்துகொண்டு வந்ததை என்னிடம்தான் முதலில் காட்டினாள். தாளின் நடுவில் பெரிய வட்டம், அதில் கண்ணாடி, அது நான். ஒரு பக்கம் முடி நீளமாக அம்மா. இன்னொரு பக்கம் ருக்மணி, கையில் கரண்டி. எல்லோருக்கும் கால் இருக்கிறது, எனக்கு மூன்று, மூன்றாவது கைத்தடி. மேலே மூலையில் ஒரு சின்னச் செவ்வகம். அதற்குக் காலும் இல்லை, கையும் இல்லை. ஒரு வால் மட்டும் தொங்குகிறது.

சாமி, இது என்ன என்று கேட்டேன்.

"அப்பா. சாப்புட்டுட்டு இருக்கறாரு."

சார்ஜர் வயர்.

முப்பத்து நான்கு வருடம் எத்தனையோ பிள்ளைகளின் நோட்டைத் திருத்தியிருக்கிறேன். தவறு எங்கே ஆரம்பித்தது என்று தேடிப்போனால் பெரும்பாலும் முதல் வரியிலேயே இருக்கும். இந்தப் படத்தில் முதல் வரி, நடுவில் இருக்கும் அந்தப் பெரிய வட்டம்.

மேகலாவையும் ருக்மணியையும் கூடத்துக்குக் கூப்பிட்டேன். மின்னஞ்சலை வாசித்தேன். வந்து நான்கு நாள் ஆயிற்று என்பதையும் சொன்னேன். மாடி அறையைப் பற்றிச் சொல்லவில்லை. ருக்மணி அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

மேகலா மினுவின் ஸ்வெட்டரை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகுதான் கேட்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கறனுங்க. நாங்க ரெண்டு பேரும் புருசம் பொண்டாட்டின்னு உங்களுக்காச்சும் தெரியுமுங்களா?"

நான் பதில் சொல்லுமுன் அவளே தொடர்ந்தாள்.

"அவரு வேலைய விட்டுட்டு வந்துருவாரு. உங்களுக்கு வேணும்னா அது சந்தோசமா இருக்குமுங்க. ஆனா தோத்துட்டு வந்தா அவரு பழைய ஆளா இருக்க மாட்டாருங்க. அதுக்கு நான் மூணு வருசம் காத்துட்டு இருக்கலீங்க."

உதாரணம் எதுவும் தோன்றவில்லை. மின்னஞ்சலின் பாஸ்வேர்டை ஒரு துண்டுத்தாளில் எழுதி அவள் கையில் கொடுத்தேன். அவள் பார்த்துவிட்டு, "இதுவும் உங்க பேருதானுங்களா" என்றாள். கோபத்திலும் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

நவம்பர் 16

காலையிலிருந்து மேகலாவும் நந்துவும் போனில். கதவு சாத்தியிருந்தது. இந்த வீட்டில் பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.

நான் முருங்கைக்காய் பறித்தேன். பிறகு ருக்மணியிடம் போய், ஆடி ஒரு மாதத்தை மட்டும் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை, முப்பத்தொன்பது நாளிலேயே பிரிந்துபோனதாக அல்லவா தெரிகிறது என்றேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"ஏனுங்க, நந்து பதினெட்டாம் பெருக்குக்கு பவானிக்குப் போனது உங்களத் தவிர ஊருக்கே தெரியுமுங்க."

பவானியில் மேகலாவின் பெரியம்மா வீடு இருக்கிறது. காங்கேயத்திலிருந்து இவள் அங்கே போயிருக்கிறாள். ஓசூரிலிருந்து அவன் பஸ் ஏறி வந்திருக்கிறான். இரண்டு நாள். சம்பந்திக்குத் தெரியும், சம்பந்தியம்மாவுக்குத் தெரியும், ருக்மணிக்குத் தெரியும். ஏன் எனக்கு மட்டும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"முக்கா மணி நேரம் கணக்குச் சொல்லிக் குடுத்தீங்கல்லோ. அதுக்கப்பறம் யாரு வந்து சொல்லுவா?"

சாயங்காலம் கதவு திறந்தது. மேகலா போனைக் கொண்டுவந்து ஒரு படத்தைக் காட்டினாள். ஒன்றே ஒன்றுதான், மற்றவற்றை நான் பார்க்க வேண்டியதில்லை என்றாள். சரி என்றேன்.

பவானி கூடுதுறை. ஆகஸ்ட் 3 என்று தேதி இருக்கிறது. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இருவரும் சொட்டச் சொட்ட நிற்கிறார்கள். பதினெட்டாம் பெருக்குக்கு மாற்றிய புதுத் தாலிக்கயிறு மேகலாவின் கழுத்தில் மஞ்சளாகத் தெரிகிறது. நந்துவின் கன்னத்தில் அதே மஞ்சள் ஐந்து விரலாகப் பதிந்திருக்கிறது. இருவரும் கேமராவைப் பார்க்கவில்லை. எதற்கோ சிரிக்கிறார்கள்.

படத்தில் நான் இல்லை. நல்ல படம்.

நவம்பர் 17

ஆகஸ்ட் 3 முதல் ஏப்ரல் 27 வரை எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தேன். இருநூற்று அறுபத்தேழு.

மினு முந்திப் பிறக்கவில்லை. டாக்டரம்மா கணக்கில் கெட்டிக்காரி.

ருக்மணியிடம் சொன்னேன். இன்று அவள் அடுப்படிக்குப் போகவில்லை. என் எதிரிலேயே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

நவம்பர் 19

குடும்பத்துப் பெரியவர் என்ற முறையில் நான் ஒரு விளக்கம் எழுதித் தரவேண்டுமாம். நந்து சொல்லி மேகலா கேட்டாள். முதல் பிரதி பதினோரு பக்கம் வந்தது. ஆடி மாதக் காற்று, கத்திரி வெயில், பேறுகாலம், எட்டு உதாரணங்கள். மேகலா பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உதாரணங்களை ஒவ்வொன்றாக அடித்தாள். பஸ் கண்டக்டர் உதாரணத்தை மட்டுமாவது விடும்படி கேட்டேன். யோசித்துவிட்டு அதையும் அடித்தாள்.

நவம்பர் 21

கடைசியில் நின்றது இவ்வளவுதான். மேகலா ஆங்கிலத்தில் மாற்றுவதற்குமுன் இங்கே படியெடுத்து வைக்கிறேன்.

"அதிகாரி அவர்களுக்கு வணக்கம். முகவரிப் பட்டியலைத் தயாரித்தவன் நான். அதில் உள்ள தேதிகள் எல்லாம் சரி. அதைப் படித்தால் தோன்றுவது மட்டும் சரியில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணமான முதல் ஆடி மாதத்தில் மணப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவோம். அவள் வெளியேறவில்லை, நாங்கள்தான் வழியனுப்பினோம். இந்த ஏற்பாட்டை மிகவும் வற்புறுத்தியவன் நான். என் மகனும் மருமகளும் அதை முழுதாகக் கடைப்பிடிக்கவில்லை என்று இந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். அதற்கான படம் இணைக்கப்பட்டுள்ளது. அதற்கான இன்னொரு ஆதாரம், ஏப்ரல் 27 அன்று பிறந்து, இப்போது என் கைத்தடியைக் குதிரையாக ஓட்டிக்கொண்டிருக்கிறது. சிலிண்டர் பற்றிய செய்திகளைத் தேர்ந்தெடுத்தவனும் நானே. மற்ற செய்திகளை மருமகள் தனியாக அனுப்புவாள், நான் படிக்கவில்லை.

பதினேழு படங்களில் நடுவில் நிற்கும் வயதான ஆணும் நான்தான். அங்கே நிற்கும்படி என்னை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை."

மேகலா கடைசி வரியை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அதைப் படித்ததும் பேனாவை மூடிவிட்டாள். பிறகு காப்பி போட்டுக்கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். அளவாகச் சர்க்கரை. கோபமாக இருந்த ஐந்து நாளும் சர்க்கரை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

நவம்பர் 22

மாலை அனுப்பியாகிவிட்டது. மூன்று நாள் மீதம்.

டிசம்பர் 6

பதில் இல்லை. சிலிண்டர் பதிவு செய்தேன். செய்யும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

டிசம்பர் 19

மினுவுக்குப் பள்ளியில் ஆண்டு விழா. முயல் வேடம். படம் எடுக்கும்போது மேகலாவும் மினுவும் என்னையும் கூப்பிட்டார்கள். நான் ஓரமாக நின்றேன். ருக்மணி, "இன்னுங் கொஞ்சம் தள்ளுனா செவுத்துக்கு அந்தப் பக்கம் போயிருவீங்க, வாங்க இப்படி" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

ஜனவரி 8

கிடைத்துவிட்டது. இரண்டு பேருக்கும்.

பாஸ்வேர்டு மேகலாவிடம் இருப்பதால் அவள்தான் முதலில் பார்த்தாள். துணி காயப்போடப் போனவள் மாடியிலிருந்து "மாமா" என்று கூப்பிட்ட குரலிலேயே தெரிந்துவிட்டது. முட்டி வலியோடு பதினாறு படியும் ஏறினேன். ஈரத்துணிகளுக்கு நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நந்துவுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். "உங்ககிட்டத்தானுங்க மாமா மொதல்ல" என்றாள்.

நான் கொஞ்ச நேரம் தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைந்துதான் இருந்தது.

ஜனவரி 15

சாமான் கட்டுகிறார்கள். மேகலா இட்லிப் பொடி, நான் பூகோளப் படம். பூகோளப் படத்துக்கு எடையில் இடமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஸ்வெட்டர் இன்னும் அளவாக இருக்கிறது.

ஜனவரி 27

கோவை விமான நிலையம். நாங்கள் மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம். மினு போனைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்பாவை ஊரிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று பயம். உள்ளே நுழையுமுன் மேகலா என் காலைத் தொட்டுவிட்டு, "ஆடிக்கு எங்கீங்க மாமா என்னய அனுப்புவீங்க இனி?" என்றாள். ருக்மணி சிரித்துக்கொண்டே அழுதாள். எது முதலில் என்று சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மாடி அறையைப் பூட்டினேன்.

ஜனவரி 28

நந்துவின் போனிலிருந்து ஒரு வீடியோ வந்தது. அங்கே விமான நிலையத்தில் யாரோ எடுத்தது. நந்து கை நீட்டுகிறான். மினு அவனைப் பார்க்கிறாள், கையிலிருக்கும் போனைப் பார்க்கிறாள். மறுபடி அவனை. பிறகு குனிந்து, அவனுக்குக் கால் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாள்.

ருக்மணி இதுவரை இருபத்தொரு தடவை பார்த்துவிட்டாள். நான் அவள் பார்க்கும்போதெல்லாம் பார்த்தேன். அதற்குமேலும் சில தடவை.

பிப்ரவரி 3

முட்டி வலி. தைலம் வாங்கினேன்.

பிப்ரவரி 9

மேகலா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். புதுப் பள்ளிக்கூடத்தில் குடும்பப் படம் வரையச் சொன்னார்களாம். நடுவில் நந்து, ஆறடி உயரத்துக்குக் கால்கள், ஷூவோடு. ஒட்டிக்கொண்டு மேகலா. இரண்டு பேருக்கும் நடுவில் வேறு யாரும் நுழைய இடமில்லை. நந்துவின் தோளில் மினு.

மேலே மூலையில் ஒரு சின்னச் செவ்வகம். உள்ளே ஒரு மூக்குக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு கரண்டி. வால் செருகியிருக்கிறது, சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

ருக்மணி படத்தை வெகுநேரம் பார்த்தாள். "நமக்குக் காலே வெக்கல பாருங்க" என்றாள்.

கால் இல்லாவிட்டால் முட்டி வலியும் இல்லை என்றேன். உதாரணம் இல்லாமல்தான் சொன்னேன், அவளுக்குப் புரிந்தது.

மணி பதினொன்று ஐம்பது. போனைச் சார்ஜிலிருந்து எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டு, இருவரும் திரைச் சட்டத்துக்குள் வருமாறு நெருங்கி உட்கார்ந்துகொண்டோம். பத்து நிமிடம் முன்னாலேயே.